ஒருநாட் சார்பு

வாணிக நிறுவனத்தார் தம் பணியாளரை ஊர்ப்பள்ளிகட்கு விடுத்துச் சிறாரொடு அளவளாவச் செய்யும் வழக்கம் இந்நாளிற் பெருகி வருகின்றது. வித்தியாதானத்தின் ஏற்றம் உணர்ந்தார் எவரும் இதனை இகழார். எனினும் கொடுக்கப்படுவது இன்னதெனத் துணிந்த பின்னரன்றோ அதன் ஏற்றம் பேசலாவது? ஆதலின் ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

தென்காசிக்கு அணித்தாகிய மத்தளம்பாறையில் ஜோஹோ என்னும் மென்பொருள் நிறுவனம் 2011-ஆம் ஆண்டில் ஓர் அலுவலகம் அமைத்தது. அதனை நிறுவினோருள் ஒருவராய ஸ்ரீதர் வேம்பு 2019-இல் அப்பகுதியிற் குடியேறினார். 2020-இற் கொள்ளைநோயாற் பள்ளிகள் அடைபட்டிருந்த காலத்து அயலிலிருந்த சிறார் சிலர்க்குத் தாமே கற்பிக்கத் தொடங்கினார். அம்முயற்சியே கலைவாணி கல்வி மையம் என்னும் கட்டணமில்லாப் பள்ளியாய் வளர்ந்தது. ஈண்டு நோக்கற்பாலது, குடியிருப்பு முற்பட்டதும் கற்பித்தல் அதன்பின் வந்ததுமாம்.

இனி, 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், குறித்த அளவிற்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் முன் மூவாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கேனும் பொதுநலத்திற்குச் செலவிடுக என விதித்தது. விதிக்கு அஞ்சிக் கொடுப்பது அறமாமோ என ஆசங்கிப்பார் உளர். அவ்வாசங்கை கொடுப்பான் வினைப்பயனைப் பற்றியதே. உண்ட பிள்ளைக்குச் சோறு சோறேயாம். அதன்கண் நீள ஆராய்வது வேண்டா.

பணியாளர் செலவிடும் நேரமோ வேறு. அந்நேரத்திற்குரிய சம்பளத்தையும் அச்செலவிற் சேர்க்கலாமென 2014-இல் அரசு சுற்றறிக்கை விடுத்தது. பணியாளர் ஈடுபாட்டைப் பணமாக மதித்துக் கணக்கிடலாகாதென 2021-இல் விளக்கிற்று. விளக்கினோர் கருத்து யாதாயினும் ஆகுக; எமக்கு அம்மறுப்புப் பெரிதும் பொருத்தமாகவே தோன்றுகின்றது. பொருள் கொடுத்தார் பொருளை எண்ணுக. ஒரு சிறுவனுக்கு அருகிருந்து கூட்டல் பயிற்றினார் தம் உடனிருப்பை எதனால் அளப்பர்?

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினதென்பது நம் சாத்திரத் துணிபு. செம்மலரை அடுத்த படிகம் செந்நிறங் காட்டும். மலரை அகற்றியவழி அந்நிறமும் அகலும். காலையிற் பேருந்தில் வந்து, விளையாட்டுக் காட்டி, இனிப்பு வழங்கி, நிழற்படம் எடுத்து, மாலையில் மீளும் அன்பரது சார்பும் அத்தகையதே. அற்றேல் ஒருநாட் சார்பு முற்றும் பயனின்றோ எனின், அற்றன்று. தம்மைப்போற் குக்கிராமத்திற் பிறந்தார் ஒருவர் கணினித்தொழில் வல்லுநராய் எதிரே நிற்பக் காண்டலும் ஒரு பிள்ளைக்கு ஊக்கமாகும். கேடு பிறிதோரிடத்து உளது. சாரற்காலத்துக் குற்றாலத்தில் ஆடவருவார் மறுமுறை வாராராயினும் அருவிக்கு இழப்பில்லை. ‘மறுபடியும் வருவோம்’ என்று சொல்லிச் சென்ற அண்ணனையும் அக்காளையும் பிள்ளைகள் பல நாள் எதிர்நோக்குவர். பிறர் புகழ்க்குத் தம் முகம் கருவியாயிற்றென்பதும் வளர்ந்தபின் அவர்க்குத் தெரியவரும்.

கைப்பொருள் பெற்றுக் கற்பித்தல் இழுக்கோ எனின், அன்று. திண்ணைப்பள்ளி ஆசிரியர் நெல்லுங் காசும் பெற்றே கற்பித்தனர். அதனால் அவர்க்கு மதிப்புக் குன்றிற்றில்லை. 2021-இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் தன்னார்வலர் தம் குடியிருப்பிலேயே ஏறத்தாழ 20 சிறாரைக் கூட்டி, மாலையில் ஒன்றரை மணி வரை கற்பித்தனர், திங்கட்கு 1000 ரூபா ஊக்கத்தொகை பெற்றனர். அவருட் பலர் அத்தெருவிலேயே வாழும் மகளிர். மறுநாளும் அவரைத் தெருவிற் காணலாமென்பதே அப்பிள்ளைகள் பெற்ற சார்பு.

ஆதலின் நிறுவனத்தார் செயற்பாலது இது: விடுப்பாரை மாற்றாது அவரையே, ஒரு கல்வியாண்டு முழுதும், வாரந்தோறும் குறித்த நாளில், அச்சிறாரிடமே விடுக்க. எப்பாடத்திற் குறையென்பதை அப்பள்ளி ஆசிரியரைக் கேட்டறிக. நிழற்படக் கருவியை வீட்டில் வைத்துவிட்டு வருக. இங்ஙனஞ் செய்யின் தொழிலில் வேலைநேரம் குறையுமே எனின், குறையத்தான் செய்யும்.