மூன்று மணிக்குக் கேட்ட கெட்டிமேளம்

அம்மா ஐசியூவில் இருந்த நான்காவது இரவு. வெளி வராந்தாவில் பாயும் துண்டும் விரித்து வரிசையாகப் படுத்திருந்தோம். மணி மூன்று இருக்கும். யாருடைய செல்போனோ அடித்தது. ரிங்டோன், கெட்டிமேளம். நாதஸ்வரமும் தவிலும் வராந்தா முழுக்க அதிர, எனக்குப் பக்கத்தில் படுத்திருந்த ஒரு பாட்டி கண்ணைத் திறக்காமலே கையைத் தூக்கி அட்சதை போட்டாங்க. போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்து மறுபடியும் குறட்டை.

விழித்திருந்த நாலைந்து பேரும் சிரித்துவிட்டோம். வயிறு குலுங்குகிற சிரிப்பு. அடுத்த நொடி எல்லோர் கண்ணும் அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் போனது. சிரிப்பு அப்படியே நின்றது.

'அம்மா உள்ளே கிடக்கிறாங்க, உனக்கு என்ன சிரிப்பு?' யாரும் கேட்கவில்லை. நானே கேட்டுக்கொண்டேன். ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏனென்றால் அம்மா வீடு திரும்பவில்லை.

அன்றைக்குச் சிரித்தது தப்பா? இப்போது யோசித்தால் கேள்வியே இடம் மாறி நிற்கிறது என்று தோன்றுகிறது. சிரிப்பை நான் தேர்ந்தெடுக்கவில்லை, அது வந்தது. நான் தேர்ந்தெடுத்தது நிறுத்தியதைத்தான். அதை யாருக்காகச் செய்தேன்? உள்ளே இருந்த அம்மாவுக்கு நான் சிரித்ததும் தெரியாது, நிறுத்தியதும் தெரியாது. துக்கத்தில் இருக்கும் மகன் எப்படித் தெரிய வேண்டுமோ அப்படித் தெரிவதற்காக நிறுத்தினேன்.

பிறகு கொஞ்ச நாள், சொல்வார்களே, தினமும் சந்தோஷம் தந்த மூன்று விஷயங்களை எழுதி வை என்று, அதையும் செய்து பார்த்தேன். ஐந்தாம் நாளே வீட்டுப்பாடம் மாதிரி ஆகிவிட்டது. இதற்கு மூளைக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கலாம். வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியலாளர் குரங்குகளை வைத்துச் செய்த சோதனைகள் பிரபலமானவை. எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு கிடைக்கும்போது டோபமைன் செல்கள் துள்ளுகின்றன. சாறு வருவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஒரு சமிக்ஞை வருமென்று பழகிவிட்டால், துள்ளல் சமிக்ஞைக்குப் போய்விடுகிறது. சாறு அதே சாறுதான், ஆனால் அதற்குத் துள்ளல் இல்லை. எதிர்பாராததை டைம்டேபிள் போட்டு வரவழைக்க முடியாது. வரும்போது விரட்டாமல் இருக்கலாம், அவ்வளவுதான் நம் கையில்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. 'சின்னச் சின்ன சந்தோஷம் போதும்' என்பது பல சமயம் இல்லாதவர்களைச் சமாதானப்படுத்தச் சொல்லப்படுவது. அட்சதை போட்ட கையைப் பார்த்துச் சிரித்தால், அந்தக் கைக்குக் கீழே வெறும் தரை இருந்ததை மறந்துவிட மாட்டோமா?

புறநானூற்றின் 194ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் ஒரே ஊரில் இரண்டு வீடுகளைப் பார்க்கிறார். ஒன்றில் சாவுப் பறை, இன்னொன்றில் கல்யாண முழவு. அவர் சமாதானம் சொல்வதில்லை. இப்படி ஓர் உலகத்தைப் படைத்தவனைப் பண்பில்லாதவன் என்று திட்டுகிறார். அதற்குப் பிறகுதான் இனியவற்றைக் காணச் சொல்கிறார். திட்டியதைத் திரும்பப் பெறவும் இல்லை. கோபமும் இனிமையும் ஒரே பாட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எங்கள் வராந்தாவிலும் அப்படித்தான். விடிந்ததும் அதே பாட்டிதான் பாத்ரூமில் தண்ணீர் வரவில்லை என்று சத்தம் போட்டு ஆளை வரவழைத்தாங்க. நாங்கள் சிரித்ததால் அந்தச் சண்டை ஒன்றும் குறையவில்லை. அதனால் எனக்கு நான் வைத்துக்கொண்ட விதி இது: சந்தோஷம் வந்தால் அதை நான் பார்க்கலாம். 'நீயும் பாரேன், இது போதாதா' என்று கஷ்டத்தில் இருப்பவரிடம் சொல்லக் கூடாது.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. அந்தச் சிரிப்போடு சேர்ந்து வந்த முதல் நினைப்பு, 'இதை அம்மாகிட்ட சொல்லணும்' என்பதுதான். இந்த மாதிரிக் கதைகள் அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆக, அந்த நொடியில் நான் அம்மாவை மறந்திருக்கவில்லை. மறுநாள் பார்வை நேரத்தில் பத்து நிமிடம் உள்ளே விட்டார்கள். அம்மாவுக்கு நினைவில்லை, ஆனாலும் காதுக்குப் பக்கத்தில் பேசுங்கள் என்று நர்ஸ் சொன்னார். 'பயப்படாதீங்கம்மா, சரியாகிடும்' என்று, எல்லோரும் சொல்வதையே சொல்லிவிட்டு வந்தேன்.

கெட்டிமேளத்தைப் பற்றிச் சொல்லவில்லை.