துவைத்து உடுத்த வேண்டிய மனம்



தவறு செய்தவன் தன்னைத் தானே மன்னித்துக்கொள்ளலாமா? மன்னித்தால் செய்த தவறு லேசாகிப் போகாதா? இந்தக் கேள்வி பலர் மனதில் உண்டு.

ஒரு நிழல்தாங்கலில் ஓர் அன்பர் அன்னப்பால் தர்மம் வழங்கிக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை வரிசையில் வந்த வயதான அம்மாவிடம், "இப்பதானே வாங்கிட்டுப் போனீங்க?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டார். அந்த அம்மா பாத்திரத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு திரும்பிப் போனார். படுக்கையில் கிடக்கும் கணவருக்காக வந்தவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்று முதல் அந்த அன்பர் தாங்கலுக்கு வரவில்லை. "கண்ணாடி முன்னால் நிற்க எனக்குத் தகுதியில்லை" என்றார். பணிவிடை செய்யும் பெரியவர் அவர் வீடு தேடிப் போய்க் கேட்டது ஒன்றுதான்: "நீ வராம இருக்கதுனால அந்த வீட்டுக்கு அன்னப்பால் போச்சா மக்கா?"

அன்பருக்குப் பதில் இல்லை.

நம் பள்ளியறையில் சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. குற்றமில்லாதவன் முகத்தை மட்டும் அது காட்டுவதில்லை. யார் வந்து நின்றாலும் காட்டுகிறது. வெட்கத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வது தாழ்மை போலத் தோன்றும். ஆனால் அதுவும் கலியின் வேலையே. முதலில் தவறு செய்ய வைக்கும். பிறகு, "இனி நீ அய்யாவிடம் போகத் தகாதவன்" என்று காதில் ஓதும்.

வாகைப்பதியில் துவையல் தவசு இருந்த 700 குடும்பத்தாரை நினைத்துப் பாருங்கள். கடலில் குளித்தார்கள், உடுத்த துணியைத் துவைத்தார்கள். அழுக்கானது என்று துணியை வீசி எறியவில்லை. அழுக்கை மறைத்து உடுத்தவும் இல்லை. துவைத்து உடுத்தார்கள். மறுநாளும் துவைத்தார்கள்.

மனதையும் அப்படித்தான் நடத்த வேண்டும். தவறை ஒப்புக்கொள்வது, நொந்தவரிடம் போய்த் தீர்ப்பது, மறுபடி செய்யாதிருப்பது: இந்த மூன்றும் சேர்ந்ததே தன்னை மன்னிப்பது. தீர்க்காமல் மன்னித்தால் அது அழுக்கை மறைப்பது. தீர்த்த பிறகும் தன்னை வைதுகொண்டிருந்தால் அது துணியை எறிவது.

அந்த அன்பர் அன்னப்பாலைத் தம் கையால் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார், மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை, பாத்திரத்தை வாங்கிக்கொண்டார்.

இப்போதும் அவர்தான் பரிமாறுகிறார். இரண்டாம் தடவை வருகிறவரிடம் மெதுவாகக் கேட்கிறார்: "வீட்டில் இன்னும் எத்தனை பேர் அம்மா?"

அய்யா உண்டு.