61 சுற்று

தோற்றவனுக்காவது யாரிடம், எங்கே சறுக்கினோம் என்று தெரியும். மோதவே விடப்படாதவனுக்கு அதுகூடக் கிடையாது. பீட்டர் ஜாக்சனைப் பற்றிப் படித்ததிலிருந்து இது மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது.

கரீபியத் தீவான செயின்ட் குரோயில் 1861இல் பிறந்த கறுப்பர் அவர். ஆஸ்திரேலியாவில் குத்துச்சண்டை பழகி, 1886இல் அந்நாட்டு ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். மிச்சம் உலகப் பட்டம்தான். அதை வைத்திருந்த அமெரிக்கர் ஜான் சல்லிவன், கறுப்பரோடு மோதமாட்டேன் என்றுவிட்டார். மோதினால் தோற்கவும் கூடும். மறுத்தால் பட்டம் பத்திரம். கொள்கை என்று சொல்லிவிட்டால், பயமா என்று யாரும் கேட்பதில்லை.

1891 மே மாதம் சான் பிரான்சிஸ்கோவில் ஜேம்ஸ் கார்பெட் என்ற வெள்ளையரோடு ஜாக்சன் மோதினார். 61 சுற்று, ஏறக்குறைய நான்கு மணி நேரம். கடைசியில் இருவருக்குமே கை எழவில்லை. முடிவில்லை என்று நடுவர் நிறுத்திவிட்டார். மறு வருஷமே கார்பெட்டுக்குச் சல்லிவனோடு மோத வாய்ப்பு வந்தது. ஜெயித்துப் பட்டமும் வாங்கினார். அதே 61 சுற்றும் நின்ற ஜாக்சனுக்குக் கிடைத்தது, 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாடகத்தில் அடிமை வேஷம். 1901இல் குயின்ஸ்லாந்தில் காசநோயில் இறந்தார். கார்பெட்டும் பட்டத்துக்காக அவரோடு மோதவே இல்லை.

இங்கே நிறத்துக்குப் பதில் சாதி. தோல் தொழில் செய்யும் சாதியில் பிறந்த பல்வங்கர் பாலூ, புனேயில் வெள்ளைக்காரர் கிரிக்கெட் கிளப்பில் மணிக்கணக்காகப் பந்து வீசினார். மட்டையை மட்டும் கையில் தரவில்லை. இந்துக்கள் அணி சேர்த்துக்கொண்ட பிறகும் தேநீர் அவருக்கு வெளியே, மண் குவளையில். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவரைக் கடைசிவரை கேப்டனாக்கவில்லை.

திருப்பூரில் புது டெய்லர் வந்தால் ஒரு பீஸ் தைக்கக் கொடுத்துப் பார்ப்பார்கள். நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், டெய்லருக்குக் கையுதவியாக ஒரு கைமடி அக்கா இருந்தார். சாப்பாட்டு நேரத்தில், ஆளில்லாத ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து வேஸ்ட் துணியில் தோள் மூட்டிப் பழகுவார். வளைவில்கூடத் துணி சுருங்காது. ஒரு பீஸ் கொடுத்துப் பாருங்களேன் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன்.

"நல்லாத்தான் தைக்குதுங்க. பாத்துட்டோம்னா அப்புறம் டெய்லர் ரேட்டு கேக்குமுங்க" என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கொள்கை என்று எதையும் அவர் சொல்லவில்லையே.