செத்தவருக்கு எதற்கு நோயின் பெயர்?

ஆளே போன பிறகு என்ன நோயென்று தெரிந்து என்ன ஆகப்போகிறது? துக்க வீட்டில் சகஜமாக எழும் கேள்விதான். எனக்கு அதில் பாதி நியாயம் இருப்பதாகப் படுகிறது. மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

1965இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ஃபவுலர், கார்ட்டர் என்ற இருவர், மூளைக்காய்ச்சலில் இறந்தவர்களின் மூளைத் திசுவில் அமீபாவைக் கண்டு எழுதினார்கள். வெதுவெதுப்பான நன்னீரில் வாழ்ந்து, மூக்கு வழியாக மூளைக்கு ஏறும் நெக்லீரியா ஃபவுலரி அது. பிறகு அமெரிக்காவின் ரிச்மண்டில் பழைய பிரேதப் பரிசோதனைத் திசுக்களை எடுத்து மறுபடி பார்த்தார்கள். 1937இல் இறந்த ஒருவரின் மூளையிலும் அமீபா இருந்தது. முப்பது வருஷமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது.

சாயமேற்றிய திசுவில் அமீபா, நம் உடம்பின் மேக்ரோஃபேஜ் செல் மாதிரியே தெரியும். உட்கருவின் நடுவே பெரிய உருண்டைப் பொட்டு ஒன்றுதான் அதைக் காட்டிக்கொடுக்கும். அதுவும் தேடுகிற கண்ணுக்குத்தான். எந்த வகை அமீபா என்று உறுதிசெய்ய பிசிஆர் மாதிரி சோதனையும் வேண்டும்.

1937இல் பார்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த நோய்க்கு அப்போது பெயரே இல்லை. இன்றைக்குப் பெயர் இருக்கிறது. இனி தேடாமல் விடுவதை அறியாமை என்று சொல்லித் தப்பிக்க முடியுமா?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலைபார்க்கும் ஒரு வடமாநிலத் தொழிலாளி, காய்ச்சல் வந்து சில நாளிலேயே இறந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். உடலை ஊருக்கு அனுப்பும் அவசரம், வண்டிச் செலவு யாருடையது என்ற பேச்சு. ‘மூளைக்காய்ச்சல்’ என்று எழுதி முடித்தால் யாரும் ஏன்னு கேட்கப்போவதில்லை. ஆனால் அவர் குளித்த தண்ணீரில் நாளைக்கும் நாலு பேர் குளிப்பார்கள்.

குடும்பம் திசு எடுக்கச் சம்மதிக்காமல் போகலாம். அதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் முதலில் அவர்களிடம் யாராவது கேட்கணும். எதற்கென்று அவர்கள் மொழியில் சொல்லணும். கேட்காமலே விடுவது மரியாதை ஆகாது, அலட்சியம்தான்.

2024இல் கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரு பையன் அமீபா மூளைக்காய்ச்சலிலிருந்து பிழைத்து வீடு திரும்பினான். ஆரம்பத்திலேயே சந்தேகப்பட்டதுதான் அவனைக் காப்பாற்றியதில் பெரும் பங்கு. அந்தச் சந்தேகம் சும்மா வரவில்லை. அதற்கு முன்பே கேரளத்தில் சில குழந்தைகள் இறந்திருந்தார்கள். அந்தச் சாவுகளுக்கு நோயின் பெயர் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. இறந்த பிள்ளைகளுக்கு அந்தப் பெயரால் ஒரு பயனும் இல்லை. முன்பின் தெரியாத ஒரு பையனுக்கு இருந்தது.