வைத்திருப்பது குற்றமாகுமா?

சட்டம் தடுக்காத செயலெல்லாம் நியாயமான செயலாகிவிடுமா? "நான் யாரையும் அடித்தேனா? யார் பொருளையாவது திருடினேனா? என் கையில் இருப்பதை நான் வைத்திருக்கிறேன். இதில் என்ன குற்றம்?" என்று கேட்பவர்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அவர்களுக்கு உடனே மறுமொழி சொல்வது எளிதல்ல. அவர்கள் சொல்வதில் பொய் இல்லை. ஆயினும் கேட்கிறவர் மனம் அதை ஒப்புக்கொள்ள மறுக்கிறது. இந்தத் தடுமாற்றத்தைப் பற்றிச் சற்றுச் சிந்திப்போம். ஒரு விளையாட்டின் வரலாறு இதற்கு நமக்குத் துணைசெய்யும்.

கூடைப்பந்துப் பெரும் போட்டிகளைப் பார்த்திருக்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். கூடைக்கு மேலே ஒரு சிறு கடிகாரம் 24, 23, 22 என்று இறங்கிக்கொண்டே வரும் என்பார்கள். பந்து கைக்கு வந்த அணி 24 விநாடிக்குள் அதைக் கூடையை நோக்கி எறிந்துவிட வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இந்த விதி ஆட்டத்தோடு பிறந்ததல்ல. 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் இந்த ஆட்டத்தை உண்டாக்கி, அதற்கு 13 விதிகளை எழுதினார். களத்துக்குள் ஓர் அணி பந்தை இத்தனை விநாடிதான் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்ற கணக்கு அவற்றில் இல்லை. பந்து கிடைத்தவன் கூடையைத்தானே நாடுவான்? வேறு என்ன செய்வான்?

வேறு என்ன செய்யலாம் என்பது 1950 நவம்பர் 22 அன்று தெரிந்தது. அமெரிக்காவின் தொழில்முறைச் சங்கமாகிய என்.பி.ஏ. நடத்திய போட்டியில், மினியாபொலிஸ் நகரின் லேக்கர்ஸ் அணியும் போர்ட் வெயின் நகரின் பிஸ்டன்ஸ் அணியும் சந்தித்தன. லேக்கர்ஸ் அணியில் ஜார்ஜ் மைக்கன் இருந்தார். உயரம் 6 அடி 10 அங்குலம். அவரைத் தடுக்கும் ஆற்றல் அந்நாளில் எவருக்கும் இல்லை. சொந்த ஊரில் அவர்கள் தொடர்ந்து 29 ஆட்டங்களில் வென்றிருந்தார்கள். பிஸ்டன்ஸ் அணியினர் யோசித்தார்கள். மைக்கன் கைக்குப் பந்து போகாவிட்டால் அவர் எப்படிப் புள்ளி எடுப்பார்? ஆகவே பந்தைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். ஒருவர் பிடித்து நிற்பார், பிறகு மற்றொருவருக்குக் கொடுப்பார், அவரும் நிற்பார். கூடையை நோக்கி எறிவது அரிதாயிற்று. கடைசி 12 நிமிடப் பகுதியில் இரண்டு அணிகளும் சேர்ந்து எடுத்தவை 4 புள்ளிகள். 48 நிமிட ஆட்டம் முடிந்தபோது பிஸ்டன்ஸ் 19, லேக்கர்ஸ் 18. அந்தப் 18-இல் 15 மைக்கன் எடுத்தவை. காசு கொடுத்து வந்திருந்த கூட்டம் கூச்சலிட்டது. அந்தச் சங்கத்தின் வரலாற்றில் இன்றுவரை மிகக் குறைந்த புள்ளிகள் கண்ட ஆட்டம் அதுவே.

பிஸ்டன்ஸ் பக்கத்து நியாயத்தையும் நாம் கேட்க வேண்டும். அவர்கள் ஒரு விதியையும் மீறவில்லை. யாரையும் தள்ளவில்லை. பலம் குறைந்தவன் புத்தியால் வெல்லக்கூடாதா? வெற்றிக்காக உழைப்பது சம்பளம் வாங்குகிறவனின் கடமை அல்லவா? இவை அற்பமான கேள்விகள் அல்ல.

ஆனால் அந்த வழி அதன்பின் எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். முன்னிலை பெற்ற அணி பந்தைப் பிடித்து நிற்பது மற்ற அணிகளுக்கும் பழக்கமாயிற்று. பின்தங்கிய அணி என்ன செய்யும்? பந்தைத் திரும்பப் பெற வழியில்லாமல், வேண்டுமென்றே இடித்துப் பவுல் செய்யும். அதற்குத் தண்டனையாக, யாரும் மறிக்காமல் எறியும் வாய்ப்பை மற்ற அணி பெறும். ஆனால் அந்த எறிவுக்குப் பிறகாவது பந்து கைமாறும் அல்லவா? 1953 மார்ச் 21 அன்று பாஸ்டன் அணியும் சிராகியூஸ் அணியும் ஆடிய ஆட்டம் நான்கு முறை கூடுதல் நேரத்துக்கு நீண்டது. அதில் நடுவர்கள் விதித்த பவுல்கள் 106. பாஸ்டனின் பாப் கூசி எடுத்த 50 புள்ளிகளில் 30 புள்ளிகள் அத்தகைய தண்டனை எறிவுகளால் வந்தவை. ஒருவன் விடாமல் பிடித்துக்கொண்டால், மற்றவன் அடித்துப் பிடுங்கப் பார்க்கிறான். முதல்வன் சாதுவாக நிற்கிறான், இரண்டாமவனே குற்றவாளியாகிறான். சண்டைக்குக் காரணம் யார்? இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்வோம்.

இதற்கு மாற்றுக் கண்டவர் சிராகியூஸ் நேஷனல்ஸ் அணியின் உரிமையாளர் டேனி பியசோனே. இத்தாலியில் பிறந்து சிறு வயதிலேயே அமெரிக்கா சென்றவர். பந்து உருட்டும் விளையாட்டுக்கூடம் ஒன்றை நடத்திவந்தவர். மனம் நிறையும்படி அமைந்த ஆட்டங்களில் ஒவ்வோர் அணியும் ஏறக்குறைய 60 முறை எறிந்திருப்பதை அவர் கவனித்தார். இரண்டுக்கும் சேர்த்து 120. ஆட்ட நேரம் 48 நிமிடம், அதாவது 2,880 விநாடி. வகுத்தால் 24. ஒழுங்காக ஆடுகிறவர்கள் எந்தக் கட்டாயமும் இன்றித் தாங்களாகவே கைக்கொண்ட வேகத்தைத்தான் அவர் எண்ணிப் பார்த்து, எல்லோருக்கும் எல்லையாக வைத்தார். நல்ல சட்டம் நல்லவர்களின் வழக்கத்திலிருந்தே பிறக்கிறது.

1954–55 பருவத்தில் இந்த விதி நடைமுறைக்கு வந்தது. முந்திய பருவத்தில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் எடுத்த சராசரிப் புள்ளிகள் 79.5, இப்போது 93.1. ஆயினும் எல்லாத் துன்பமும் ஒரே நாளில் தீரவில்லை. அந்த நவம்பர் மாதத்திலேயே பால்டிமோர் அணி பணமுடையால் கலைந்தது. எட்டு அணிகளே மிஞ்சின. பருவத்தின் முடிவில், 1955 ஏப்ரல் 10 அன்று, பட்டத்தைத் தீர்மானிக்கும் ஏழாவது ஆட்டத்தில் சந்தித்தவர்கள் பியசோனேயின் நேஷனல்ஸ் அணியினரும், அதே போர்ட் வெயின் பிஸ்டன்ஸ் அணியினரும். ஒரு கட்டத்தில் பிஸ்டன்ஸ் 17 புள்ளிகள் முன்னே இருந்தார்கள். பழைய காலமாயிருந்தால் பந்தைப் பிடித்து நின்றே பொழுதைக் கழித்திருக்கலாம். இப்போது முடியவில்லை. நேஷனல்ஸ் 92, பிஸ்டன்ஸ் 91 என்று ஆட்டம் முடிந்தது.

இதைத் தண்டனை என்று சொல்லி மகிழ வேண்டாம். 1955-இல் ஆடிய பிஸ்டன்ஸ் வீரர்களில் பெரும்பாலோர் 1950-இல் அந்த அணியில் இருந்தவர்கள் அல்லர். அன்று 17 புள்ளி முன்னே இருந்தது நேஷனல்ஸ் அணியாயிருந்தால் அதே கடிகாரம் பியசோனேயின் கையையும் கட்டியிருக்கும். தனக்கு லாபமாகுமா நஷ்டமாகுமா என்று பாராமல் ஒப்புக்கொள்ளும் விதியே நியாயமான விதி. உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமும் 1956-இல் 30 விநாடி என்று எல்லை வைத்தது. 2000-இல் அதை 24 ஆக்கியது.

கடல் கடந்த ஊரில் நடந்த ஆட்டம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். கடைமடைப் பகுதியில் வாழ்கிற நமக்கு இது புதிய கதையே அல்ல. தரங்கம்பாடி வட்டாரத்து வயல்களுக்குக் காவிரித் தண்ணீர் கடைசியில்தான் வந்து சேர்கிறது. மேல்மடைக்காரர் தண்ணீரைத் திருடுவதில்லை. தம் வயல் நிரம்பிய பிறகும் மடையை அடைக்காமல் விடுகிறார், அவ்வளவே. கீழே நாற்று காய்கிறது. இரவில் ஒருவன் மண்வெட்டியோடு போய் மடையைத் தானே அடைக்கிறான், கைகலப்பு உண்டாகிறது. காலையில் பஞ்சாயத்தில் குற்றவாளியாக நிற்பவன் மண்வெட்டி எடுத்தவன். இதனால்தான் தண்ணீர் குறைந்த காலத்தில் முறை வைத்துப் பாய்ச்சுகிறோம். நம் மொழியில் 'முறை' என்ற ஒரே சொல் அவரவர்க்கு வரும் தவணையையும் குறிக்கிறது, நியாயத்தையும் குறிக்கிறது. "இது முறையா?" என்று கேட்கும்போது நாம் இரண்டையும் சேர்த்தே கேட்கிறோம்.

அப்படியானால் கையில் வைத்திருப்பது எல்லாமே குற்றமா? இல்லை. 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை தண்ணீரைத் தேக்கித்தான் வைக்கிறது. ஜூன் 12-இல் திறப்பது வழக்கம், அதற்காகவே தேக்குகிறது. குடியானவர் விதைநெல்லைப் பசித்தாலும் தொடாமல் வைக்கிறார், விதைப்பதற்காகவே வைக்கிறார். குடும்பத்தலைவி பானையில் ஒரு பிடி அரிசி ஒதுக்குவது வரப்போகும் நாளுக்காக. இவை கொடுப்பதற்காக வைத்திருப்பவை. பிஸ்டன்ஸ் அணியினர் பந்தை வைத்திருந்தது எறிவதற்காக அல்ல, மற்றவன் கைக்குப் போகக்கூடாது என்பதற்காக. இங்கேதான் வேற்றுமை. தாலந்தை மண்ணில் புதைத்தவனும் அதைத் திருடவில்லை என்பதை நாம் அறிவோம். ஆகவே நம்மை நாமே இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும்: இதை எதற்காக வைத்திருக்கிறேன்? இதற்காக யார் காத்திருக்கிறார்?

இந்தக் கேள்விகளோடு நம் வீட்டுக்குள் வருவோம். அறுவடை முடிந்து நெல் விற்றாகிவிட்டது. கூலிக்காரரிடம் "நாளைக்கு வா" என்கிறோம். மூன்றாம் முறை வரும்போது அவர் குரல் உயர்ந்தால், "மரியாதை தெரியவில்லை" என்று நாமே கோபிக்கிறோம். மீன் விற்ற காசு வந்துவிட்டது. கூடப் போனவர்களுக்குப் பங்கு பிரிக்கத் தாமதிக்கிறோம். தகப்பனார் சொத்தைத் தமையன் தன் பெயரில் எழுதிக்கொள்ளவில்லை. ஆனால் பத்து வருஷமாகப் பிரித்துக் கொடுக்கவும் இல்லை. சங்கத்தில் ஒரு பதவியை ஒருவரே ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கிறார். இளைஞர் எவரும் முன்வருவதில்லை என்று குறையும் சொல்கிறார். இரண்டு சகோதரிகள் ஒரு கல்யாணத்தில் நேர்ந்த மனத்தாங்கலால் பேசுவதில்லை. பேச வேண்டிய முதல் சொல் ஒருத்தியின் வாயில் இருக்கிறது, அவள் அதை வெளியே விடுவதில்லை. இவர்களில் எவரும் சட்டத்தை மீறவில்லை. எவரும் பிறர் பொருளைப் பிடுங்கவில்லை. எனினும் ஒவ்வொருவர் எதிரிலும் ஒருவர் காத்து நிற்கிறார்.

தனி ஒருவர் மனச்சாட்சி மட்டும் போதுமா என்பதும் நியாயமான கேள்வி. 1954-க்கு முன் ஓர் அணி மட்டும் "நாங்கள் பந்தைப் பிடித்து நிற்க மாட்டோம்" என்றிருந்தால், பிடித்து நிற்கும் அணிகளிடம் தோற்றிருக்கும். மேல்மடையில் ஒருவர் மட்டும் மடையை அடைத்தால் அடுத்தவர் வயலுக்கே அந்தத் தண்ணீரும் போகும். ஆகவே பொதுவான ஏற்பாடு வேண்டும். கூலிக்கு நாள் குறிப்பதும், பதவிக்குக் காலம் வரையறுப்பதும், பாகப் பிரிவினையைப் பெரியவர்கள் முன்னிலையில் முடிப்பதும் ஒருவரையொருவர் நம்பாததன் அடையாளமல்ல. நம்பிக்கை கெடாமல் காப்பதற்கே அவை.

ஆனால் விதி எட்டாத இடங்களும் உண்டு. சமையலறையில் கடிகாரம் மாட்ட முடியாது. மன்னிப்புக்குத் தவணை விதிக்கும் நடுவர் இல்லை. தாயார் பிள்ளையிடமிருந்து எதிர்பார்க்கும் கடிதத்துக்கு மணி அடிப்பவர் யாரும் இல்லை. அங்கே நாமேதான் எண்ணிக்கொள்ள வேண்டும். பியசோனே கண்ட அந்த 24 விநாடியை முதலில் எண்ணியவை கடிகாரங்கள் அல்ல. எவரும் கட்டாயப்படுத்தாமல் ஒழுங்காக ஆடிய மனிதர்களே அதை ஆடிக் காட்டினார்கள்.

இந்த வாரம் நம் கையில் இருப்பவற்றை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். பிறருக்கு உரியது, அல்லது பிறர் முறைக்கு வந்துவிட்டது ஏதேனும் அவற்றில் இருந்தால், அவர் வந்து கேட்கும்வரை காத்திராமல் நாமே கொண்டுபோய்க் கொடுப்போம்.