பகைவனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை

 

அண்டை நாட்டைப் பழித்துப் பேசுவதற்குத் துணிவு வேண்டியதில்லை. எந்த அரசியல்வாதியும் எந்த மேடையிலும் அதைச் செய்யலாம். கைதட்டல் தானாகவே வரும். அந்த நாட்டைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, சொந்த ஜனங்களுக்கு முன்னால் வந்து நிற்பதற்குத்தான் துணிவு வேண்டும். அப்படிச் சொன்னவரை ஊர் என்ன செய்கிறது, நாம் என்ன செய்ய வேண்டும் என்பதையே இம்மாதம் சிந்திக்க விரும்புகிறோம்.

2005ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் தேதி, இந்தியாவின் பாரதீய ஜனதா கட்சித் தலைவராயிருந்த எல். கே. அத்வானி கராச்சியில் ஜின்னா சாகிபின் அடக்கஸ்தலத்துக்குச் சென்றார். கராச்சி அவர் பிறந்த ஊர். அங்கே வைத்திருந்த பார்வையாளர் புத்தகத்தில், சரித்திரத்தை உண்டாக்கிய ஒரு சிலரில் ஜின்னாவும் ஒருவர் என்று எழுதினார். 1947 ஆகஸ்ட் 11ஆம் தேதி பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையில் ஜின்னா ஆற்றிய உரையையும் புகழ்ந்தார். அவ்வளவுதான்! அவருடைய சொந்தக் கட்சியே கொதித்தெழுந்தது. மூன்றாம் நாள், ஜூன் 7ஆம் தேதி, தலைவர் பதவியை ராஜினாமாச் செய்தார். பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டாலும், அந்த ஆண்டின் முடிவோடு தலைமை கைமாறிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து, 2009இல், ஜஸ்வந்த் சிங் ஜின்னாவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவரைக் கட்சியைவிட்டே நீக்கினார்கள்.

"இது அவர்கள் வீட்டுச் சண்டை, நமக்கென்ன?" என்று கேட்கலாம். நமக்கும் இதில் ஒரு சோதனை இருக்கிறது. அத்வானியின் 1990ஆம் ஆண்டு ரத யாத்திரையையும், 1992இல் பாபரி பள்ளி இடிக்கப்பட்டதையும் மறந்தவர் நம்மில் எவருமில்லை. ஆகையால் அவர் கராச்சியில் எழுதியதைப் படித்தபோது, "தந்திரம்" என்று தள்ளியவரும், "நன்றாக வேண்டும்" என்று சிரித்தவரும் நம் சமுதாயத்திலும் உண்டு. ஆனால் திருமறையின் ஐந்தாம் அத்தியாயம் எட்டாம் ஆயத்தில், ஒரு கூட்டத்தாரின்மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்று அல்லாஹுத் தஆலா எச்சரிக்கிறான். நமக்குப் பிரியமானவரின் நல்ல சொல்லை நல்லதென்று சொல்ல வேதம் தேவையில்லை. நம்மை வருத்தியவரின் வாயிலிருந்து வந்த நல்ல சொல்லை, அந்தச் சொல் அளவுக்கேனும் நல்லதென்று ஒப்புக்கொள்கிறோமா? தராசு பிடித்துப் பிழைக்கிற நாம் இங்கேதான் கையை அசைக்காமல் பிடிக்க வேண்டும்.

இந்தச் சோதனை மனிதரில் மிகச் சிறந்தவர்களுக்கும் வந்தது. ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு, துல்கஃதா மாதம். பெருமானார் (ஸல்) அவர்கள் சுமார் 1,400 தோழர்களுடன் உம்ரா செய்யப் புறப்பட்டு, மக்காவை அடுத்த ஹுதைபிய்யாவில் தடுத்து நிறுத்தப்பட்டார்கள். கையில் குர்பானிப் பிராணிகள். உடம்பில் இஹ்ராம் துணி. குறைஷியர் சார்பில் பேச வந்தவர் ஸுஹைல் இப்னு அம்ர். அவர் கேட்ட நிபந்தனைகளைக் கவனியுங்கள். இவ்வாண்டு உம்ரா இல்லை, திரும்பிப் போக வேண்டும். மக்காவிலிருந்து முஸ்லிமாகி மதீனாவுக்கு ஓடி வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். மதீனாவிலிருந்து மக்காவுக்குப் போகிறவரை அவர்கள் திருப்பமாட்டார்கள். பத்து வருஷத்துக்குப் போர் கிடையாது. ஏட்டில் 'பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்' என்று எழுதியதையும் ஸுஹைல் ஏற்கவில்லை. 'அல்லாஹ்வின் தூதர் முஹம்மது' என்று எழுதியதையும் அழிக்கச் சொன்னார். அதை அழிக்க ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களுக்குக் கை வரவில்லை. நாயகம் (ஸல்) அவர்களே அதை அழித்தார்கள்.

வியாபாரக் கண்ணால் பார்த்தால் முழு நஷ்டம் என்று தோன்றுகிற உடன்படிக்கை அது! ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களுக்குப் பொறுக்கவில்லை. நாம் சத்தியத்தில் இருக்கையில் மார்க்கத்தில் இந்தத் தாழ்வை ஏன் ஏற்க வேண்டும் என்று நாயகத்திடமே கேட்டார்கள். அபூபக்கர் (ரலி) அவர்களிடமும் போய்க் கேட்டார்கள். அன்று பேசிய பேச்சுக்குப் பரிகாரமாகப் பிற்காலத்தில் நோன்பும் தானமும் பல செய்ததாக அவர்களே சொன்னார்கள் என்று வருகிறது. உடன்படிக்கை முடிந்து, பிராணிகளை அறுத்துத் தலைமுடி களையும்படி நாயகம் (ஸல்) மும்முறை சொல்லியும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அன்னை உம்மு ஸலமா (ரலி) அவர்கள்தான் வழி சொன்னார்கள்: எவரிடமும் பேசாமல் தாங்களே முதலில் செய்யுங்கள் என்று. அப்படியே செய்ததும் அத்தனை பேரும் எழுந்தார்கள். (பெண்களின் ஆலோசனை எதற்கு என்று கேட்கும் சில நிர்வாகஸ்தர்கள் இவ்விடத்தை இரண்டு முறை படிக்கட்டும்.)

திரும்பும் வழியில் 'அல்ஃபத்ஹ்' அத்தியாயம் இறங்கிற்று. தோல்வி என்று ஜனங்கள் கருதியதற்கு வெற்றி என்று வானத்திலிருந்து பெயர் வந்தது. அந்த அமைதிக் காலத்தில் பாதைகள் திறந்தன. மக்காவாசிகளும் மதீனாவாசிகளும் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கினார்கள். 1,400 பேருடன் வந்து திரும்பியவர்கள் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் பதினாயிரம் பேருடன் மக்காவினுள் நுழைந்தார்கள்.

ஆனால் ஹுதைபிய்யாவில் இன்னொருவரும் இருந்தார். அவரை மறந்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. ஸுஹைலின் சொந்த மகன் அபூ ஜந்தல் (ரலி). முஸ்லிமானதற்காகத் தகப்பனால் விலங்கிடப்பட்டவர். மை காயுமுன் அந்த விலங்கோடு இழுத்துக்கொண்டு வந்து முஸ்லிம்களிடையே விழுந்தார். நிபந்தனைப்படி அவரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. பொறுமையாயிருக்கும்படியும், அல்லாஹ் வழிகாட்டுவான் என்றும் நாயகம் (ஸல்) அவருக்குச் சொன்னார்கள். சமாதானத்தின் விலையை எல்லோரும் சமமாகக் கொடுப்பதில்லை, சகோதரர்களே. காலில் விலங்கோடு நிற்கிறவன் அழுதால் அந்த அழுகையைக் கேட்க வேண்டும். காலில் ஒரு கீறலும் இல்லாதவன் கடைத்திண்ணையில் உட்கார்ந்து "விடக் கூடாது" என்று கூவினால், அது வேறு.

நமது பினாங்கு இதையெல்லாம் ஏட்டில் மட்டும் படித்த ஊரல்ல. எதிர்க்கரை சுமத்திரா. மேடானுக்கும் பெலாவானுக்கும் நமக்கும் இடையே ஓடிய வியாபாரத்தை நம்பித்தான் பீச் ஸ்திரீட் கிட்டங்கிகளும் துறைமுகத் தொழிலாளரும் பிழைத்தார்கள். அக்கரை ரப்பரும் கொப்பரையும் பாக்கும் தொங்கான்களில் வரும். இங்கிருந்து துணிமணியும் மளிகையும் போகும். 1963 ஜூன் மாதத் தொடக்கத்தில் துங்கு அப்துல் ரஹ்மானும் சுகர்ணோவும் தோக்கியோவில் சந்தித்து நல்லபடியாகப் பேசினார்கள். ஆகஸ்டில் மணிலாவில் கையெழுத்தும் இட்டார்கள். ஆறே வாரங்களில் எல்லாம் போயிற்று. செப்டம்பர் 16ஆம் தேதி மலேசியா உதயமானதும் ஜகார்த்தாவில் ஜனக்கூட்டம் பிரிட்டிஷ் தூதரகத்தைத் தாக்கிற்று. 18ஆம் தேதி அதைக் கொளுத்திற்று. கோலாலம்பூரில் நம் பக்கத்துக் கூட்டமும் சும்மா இருக்கவில்லை. 17ஆம் தேதி இந்தோனேசியத் தூதரகத்தினுள் புகுந்தது. அன்றே ராஜீய உறவு அறுந்தது. அதே வாரத்தில் இந்தோனேசியா வியாபாரத்தையும் நிறுத்தியது. 'கன்யாங் மலேசியா' என்று கத்தியவர்களுக்குக் கூலி உண்டோ இல்லையோ, பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்குக் கூலி நின்றது.

அந்நாளில் அக்கரையைப் பற்றி நல்லது பேசினவர் சந்தேகத்துக்குள்ளானார். பாஸ் கட்சியின் தலைவர் டாக்டர் புர்ஹானுத்தீன் அல்ஹெல்மி, மலாய் மக்களும் இந்தோனேசியரும் ஒரே குடும்பம் என்று நெடுங்காலமாகப் பேசி வந்தவர். 1965இல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அவர் காவலில் வைக்கப்பட்டார். அவர்மீது சாட்டிய குற்றத்தைத் தீர்ப்பது நம் வேலையல்ல. அடுத்த ஆண்டே அரசாங்கமும் அக்கரையோடு பேச உட்கார்ந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

1966 மே மாத இறுதியில் துன் அப்துல் ரசாக்கும், இந்தோனேசிய வெளிநாட்டு மந்திரி ஆதம் மாலிக்கும் பாங்காக்கில் பேசினார்கள். ஆதம் மாலிக் மேடானுக்குத் தெற்கேயுள்ள பெமாத்தாங் சியாந்தாரில் பிறந்தவர்; நமக்குக் கடல் தாண்டிய அயலூர்க்காரர். ஆகஸ்ட் 11ஆம் தேதி ஜகார்த்தாவில் கையெழுத்தாயிற்று. (ஜின்னாவின் அந்த உரையும் ஓர் ஆகஸ்ட் 11தான்.) சபா, சரவாக் மக்கள் பொதுத்தேர்தல் மூலம் தங்கள் விருப்பத்தை மீண்டும் உறுதிப்படுத்த இடம் தரப்பட்டது. அவர்கள் ஏற்கெனவே சொன்னதை மறுபடியும் ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கலாம். 'ரஸூல்' என்ற சொல்லை அழித்த ஏட்டை நினைத்துப் பாருங்கள். அடுத்த ஆண்டு ராஜீய உறவு மீண்டது. மூன்று வருஷச் சண்டையில் இந்தோனேசியர் 590 பேரும், நம் பக்கத்தில் காமன்வெல்த் படையினர் 114 பேரும் மாண்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

சிங்கப்பூரில் நடந்ததும் எடுத்துச் சொல்லத் தக்கது. 1965 மார்ச் 10ஆம் தேதி மெக்டோனல்ட் ஹவுஸ் கட்டிடத்தில் குண்டு வெடித்து மூவர் மாண்டார்கள். குண்டு வைத்த இந்தோனேசிய வீரர்கள் உஸ்மானும் ஹாருனும் 1968 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டார்கள். ஜகார்த்தாவில் சிங்கப்பூர்த் தூதரகம் சூறையாடப்பட்டது. 1973 மே மாதம் பிரதமர் லீ குவான் இயூ ஜகார்த்தாவுக்குச் சென்று, காலிபாத்தா மயானத்தில் அந்த இருவரின் கபுறுகள்மீது பூத்தூவினார். தம் நாட்டுக் கோர்ட்டு தூக்கிலிட்டவர்களுக்கு! அந்தத் தீர்ப்பை அவர் மாற்றவில்லை. குண்டு வைத்தது சரியென்றும் சொல்லவில்லை. இரு நாட்டு உறவு அதன்பின் சீராயிற்று. மாண்ட மூவரின் வீட்டாருக்கு அன்று மனம் எப்படி இருந்திருக்கும்? அபூ ஜந்தலை நினைக்கிறோம்.

எதிரி சமாதானத்தின் பக்கம் சாய்ந்தால் நாமும் சாய வேண்டும் என்ற கட்டளை அன்ஃபால் அத்தியாயத்தின் 61ஆம் ஆயத்தில் இருக்கிறது. அதற்கு முந்திய ஆயத்தில் இயன்ற பலத்தைத் திரட்டி வைக்கும்படி கட்டளை. பிந்திய ஆயத்தில் அவர்கள் ஏமாற்ற நினைத்தால் அல்லாஹ் போதும் என்ற உறுதி. காவலை விட்டுவிடு என்று மார்க்கம் சொல்லவில்லை. ஏமாற்றக்கூடும் என்ற பயத்தையே சாக்காக வைத்துப் பேச்சைத் தள்ளிவிடாதே என்கிறது. கடன் கொடுக்கும் வியாபாரிக்கு இது புரியாதா? ஏட்டில் எழுதி, சாட்சி வைத்து, அடமானமும் வாங்கிக்கொண்டு கொடுக்கிறோம். ஏமாறலாம் என்பதற்காகக் கடையைப் பூட்டுவதில்லை.

இன்று நம் காசு மாற்றும் கடைகளில் ரூப்பியாவை நீட்டுகிறவர்களில், பினாங்கு ஆஸ்பத்திரிகளுக்கு வைத்தியத்துக்கு வந்த மேடான்காரர் எத்தனை பேர்! அவர்களுடைய தகப்பன்மார் காலத்தில் இரு கரையும் ஒன்றையொன்று சபித்துக்கொண்டிருந்தன. ஆனால் ஏதேனும் ஒரு நாட்டுத் தலைவர் அண்டை நாட்டைப் பற்றிப் பதமாய்ப் பேசிவிட்டால், வாட்ஸ்அப்பில் 'துரோகி' என்ற செய்தி பெட்டியடிக்கு வந்துவிடுகிறது. அவர் முழுவதும் என்ன சொன்னார் என்று பார்க்குமுன் விரல் அதை நாலு குழுக்களுக்குத் தள்ளிவிடுகிறது. தீயவன் கொண்டுவரும் செய்தியை விசாரித்தறியாமல் நம்பக் கூடாது என்பது ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் ஆயத்தில் கண்ட கட்டளை. தெரியாதவன் கொடுத்த நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் நாம் வாங்குவதில்லையே! இராமநாதபுரத்திலும் நாகூரிலும் உறவினரை வைத்துக்கொண்டு இங்கே பிழைக்கும் நாம், இரண்டு நாட்டுக்காரர் ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளும் செய்தியை அனுப்பினால், அது எந்த வீட்டு வாசலில் போய் விழும் என்பதை யோசிக்க வேண்டும்.

ஸுஹைல் இப்னு அம்ரின் கதையை ஹுதைபிய்யாவோடு நிறுத்திவிட முடியாது. முன்னதாக அவர் பத்ரில் சிறைப்பட்டபோது, அவருடைய முன்பற்களைப் பிடுங்கிவிட்டால் இஸ்லாத்துக்கு எதிராக இனி மேடையேறமாட்டார் என்று உமர் (ரலி) அனுமதி கேட்டார்கள். நாயகம் (ஸல்) மறுத்துவிட்டு, அவர் ஒருநாள் உமர் குறை காண முடியாத ஓரிடத்தில் நிற்கக்கூடும் என்று சொன்னார்கள். மக்கா வெற்றிக்குப் பின் ஸுஹைல் முஸ்லிமானார். நாயகம் (ஸல்) அவர்கள் மறைந்த செய்தி மக்காவை எட்டி, ஜனங்கள் மார்க்கத்தைவிட்டு விலகத் தடுமாறியபோது, கஃபாவின் அருகே எழுந்து நின்று பேசி அவர்களைத் தடுத்து நிறுத்தியவர் அந்த ஸுஹைல் (ரலி) அவர்களே.