பனி ஏமாற்றிய பருவம்

2023-24 குளிர்காலத்தில் அமெரிக்காவின் மினசோட்டாவில் போதிய பனியில்லாமல் பனிவண்டிகள் (ஸ்னோமொபைல்கள்) பெரும்பாலும் கொட்டகையிலேயே கிடந்தன. எல் நினோ ஆண்டு, அடுத்த முறை சரியாகிவிடும் என்பார்கள். பாதி உண்மைதான். ஆனால் அங்கே மற்றப் பருவங்களைவிடக் குளிர்காலமே வேகமாகச் சூடேறி வருகிறது; எல் நினோ அந்தச் சூட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. செயற்கைப் பனி தூவலாமே? சறுக்குச் சரிவுக்குச் சரி. 30,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பனிவண்டித் தடங்களுக்கு எந்தக் குழாய் எட்டும்? அதோடு, பனி இவ்வண்டிக்கு வெறும் சாலை அல்ல. ஓடும் பட்டை வாரியிறைக்கும் பனித்தூள்தான் பல வண்டிகளில் எஞ்சின் சூட்டைத் தணிக்கிறது. அடியிலுள்ள பிளாஸ்டிக் சட்டங்களையும் உருகாமல் காக்கிறது. மெல்லிய பனியில் விரட்டினால் வண்டி கொதித்துவிடும். இத்தடங்களைப் பராமரிப்பவர்களோ பெரும்பாலும் உள்ளூர்ச் சங்கங்களின் தன்னார்வலர்கள். பனி விழுமுன்பே புதர் வெட்டி, பலகை நட்டுவிடுவார்கள். பனி வராவிட்டால் அந்த உழைப்பு வீண்தான்.